முறைப்பாடு செய்த பிள்ளைகளின் வரலாறு

உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கட்டாயம் வாசியுங்கள். ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களும்தான்.

ஏ.எல். வெட்டுப்புள்ளி வெளியானதும் நமது வட்ஸ்அப் குழுக்கள் நிரம்பி வழிகின்றன. கிண்ணியா, மூதூர், தோப்பூர், குச்சவெளி, புல்மோட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகளின் படங்களும் வாழ்த்துகளும் வருகின்றன. ஒருத்திக்கு ஒலுவில், இன்னொருத்திக்கு வந்தாறுமூலை, வேறொருத்திக்கு யாழ்ப்பாணம். ஓரிருவருக்குப் பேராதனை. நிலாவெளியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கிடைத்தால் வீட்டார் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்பு, டவுனுக்குப் படிக்கப் போகும் பிள்ளை பாதைக்காகக் கரையில் காத்து நின்ற காலம் நமக்கு ஞாபகம் இருக்கிறது. அங்கிருந்து இங்கு வந்து சேர்ந்தது சின்ன விஷயமல்ல. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் பிள்ளையை பஸ் ஏற்றிவிடும்போது தலையணை, வாளி, அரிசி, மாசிச்சம்பல் எல்லாம் கட்டிக் கொடுக்கிற நாம், ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்காமலே அனுப்புகிறோம். அங்கே யாராவது ஒரு மூத்த மாணவனோ, ஒரு விரிவுரையாளரோ, விடுதிப் பொறுப்பாளரோ கையையும் வாயையும் நீட்டினால் எங்கே போய் முறையிடுவது? யாரிடம் சொல்வது? சொன்னால் என்ன நடக்கும்? இது எதுவும் அவளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் நம்மில் பலருக்கும் தெரியாது.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது பாடப்புத்தகத்தில் இல்லை. பரீட்சைக்கும் வராது. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

1974ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அப்போது நாட்டில் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் இல்லை. 1972இல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயரின் கீழ் வளாகங்களாக வைத்திருந்தார்கள். அதில் ஒன்று வித்தியாலங்கார வளாகம், இன்றைய களனிப் பல்கலைக்கழகம். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த கணித ஆசிரியர்கள் மோசமான பகிடிவதைக்கு ஆளானார்கள். வந்தவர்கள் ஆசிரியர்கள் என்பதைக் கவனியுங்கள். விஷயம் வெளியில் வந்து, அரசாங்கம் வி. டபிள்யூ. குலரத்ன தலைமையில் ஒரு விசாரணை ஆணைக்குழுவை நியமித்தது. முடிவில் 12 மாணவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். அதோடு, தெரிந்திருந்தும் தக்க நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக 4 உத்தியோகத்தர்களும் தண்டிக்கப்பட்டார்கள்.

எங்களுக்கு இந்த 4 என்ற எண்தான் முக்கியமாகப் படுகிறது. பன்னிரண்டு பேரைப் பற்றி யாரும் பேசுவார்கள். "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று சொல்லக்கூடிய நால்வருக்கு, ஒன்றும் செய்யாததற்காகவே தண்டனை கிடைத்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்பே இந்த நாட்டில் அப்படி ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டிருக்கிறது. பிறகு வந்த பல நிர்வாகங்கள் அதை வசதியாக மறந்துவிட்டன.

அடுத்த ஆண்டு, 1975. பேராதனை வளாகத்தின் விவசாய பீடத்துக்கு ரூபா ரத்னசீலி என்ற 22 வயது மாணவி வந்தார். இராமநாதன் மண்டபம் என்ற விடுதியில் தங்கினார். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரைத் தாங்கிய கட்டடம் அது. மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்றே கல்லூரி கட்டிய மனிதரின் பெயர். உடல்ரீதியான, பாலியல்ரீதியான பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக அந்தப் பிள்ளை விடுதியின் இரண்டாம் மாடியிலிருந்து குதித்தார். உயிர் பிழைத்தது. உடல் செயலிழந்தது. படிப்பும் அத்தோடு போனது. 2002இல் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இடையில் 27 வருஷங்கள். அந்த வருஷங்களில் அவரைப் பகிடிவதை செய்தவர்கள் பட்டம் பெற்று, உத்தியோகம் பார்த்து, பென்ஷன் வயதை நெருங்கியிருப்பார்கள்.

1975 ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேச பெண்கள் ஆண்டு. நாட்டின் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, உலகத்தின் முதல் பெண் பிரதமர். அப்படிப்பட்ட ஆண்டில், அப்படிப்பட்ட நாட்டில், ஒரு மாணவிக்கு மாடியிலிருந்து குதிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வேறு வழி இருக்கவில்லை என்பதே சரியான வசனம். முறைப்பாட்டுக் குழு கிடையாது. தொலைபேசி இலக்கம் கிடையாது. சட்டத்தில் அந்தக் குற்றத்துக்குப் பெயரே கிடையாது.

பெயர் என்று சொன்னதும் இன்னொரு தகவல். அதே 1975இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கார்மிட்டா வூட் என்ற பெண்ணின் விவகாரம் பெரிதாகப் பேசப்பட்டது. பௌதிகவியல் ஆய்வுகூடமொன்றில் நிர்வாக உதவியாளராக இருந்தவர். பேராசிரியர் ஒருவரின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டார். வேலையில்லாதோர் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தபோது வேலையை விட்ட காரணத்தைக் கேட்டார்கள். என்ன எழுதுவது? "தனிப்பட்ட காரணம்" என்றார். கொடுப்பனவு மறுக்கப்பட்டது. அவருக்காகக் கூடிய பெண்கள் உட்கார்ந்து யோசித்து உருவாக்கிய சொல்தான் இன்று உலகம் முழுக்கப் புழங்கும் "பாலியல் துன்புறுத்தல்" என்பதன் ஆங்கில மூலம். இன்றைய பிள்ளைகளுக்கு ஐம்பது வயதுச் சொல் அது. அவர்களின் உம்மாமார் பிறந்த காலத்தில்தான் அந்தச் சொல்லும் பிறந்தது.

நமது ஊர்ப் பேச்சில் என்ன சொல்லி வந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். "சேட்டை விடுகிறான்." பத்திரிகை மொழியில் "அங்கசேட்டை". சேட்டை என்பது சின்னப் பிள்ளை செய்வது. பகிடிவதை என்ற சொல்லிலும் வதை இருக்கிறது, ஆனால் முன்னால் பகிடி நிற்கிறது. சொல்லே பாதிக் குற்றத்தை மன்னித்துவிட்டுத்தான் வாயிலிருந்து வருகிறது. ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து "சேர் சேட்டை விடுகிறார்" என்றால், வாப்பாவுக்கு அது விளங்குகிற விதம் வேறு, அவள் பட்ட பாடு வேறு.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1883இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டக்கோவை பெண்ணின் நாணத்துக்கு இழுக்கு ஏற்படுத்தும் தாக்குதலைப் பற்றிப் பேசியது. அதாவது முதலில் அவளுக்கு நாணம் இருந்ததா என்று பார்க்கவேண்டும். நூறு வருஷத்துக்கு மேல் அதே பிரிவுதான். 1981இல் பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சர்வதேச சமவாயத்தில் இலங்கை இணைந்தது. 1993இல் பெண்கள் சாசனம் வந்தது. 1995இன் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் 345ஆம் பிரிவைப் புதிதாக எழுதியது. பாலியல் தொந்தரவு என்பது தனிக் குற்றமானது. 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

அந்தப் பிரிவில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. வேலைத்தலத்திலோ வேறெந்த இடத்திலோ அதிகாரத்தில் உள்ள ஒருவர், மற்றவர் விரும்பாத பாலியல் அணுகுமுறையைச் சொல்லாலோ செயலாலோ மேற்கொண்டால் அதுவும் இந்தக் குற்றமே. சொல் போதும். தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. "வேறெந்த இடத்திலும்" என்பதற்குள் விரிவுரை மண்டபமும் வருகிறது, ஆய்வுகூடமும் வருகிறது, டியூட்டரியும் வருகிறது. பரீட்சைப் புள்ளியைக் கையில் வைத்திருப்பவர் அதிகாரத்தில் உள்ளவர் இல்லையென்றால் வேறு யார்?

இனி 1997. பேராதனைப் பொறியியல் பீடத்தின் மாணவர் எஸ். வரப்பிரகாஷ் பகிடிவதையின்போது செய்விக்கப்பட்ட கடும் உடற்பயிற்சிகளால் சிறுநீரகம் பழுதடைந்து மரணமானார். அதே ஆண்டில் நமது கிழக்கு மாகாணத்தில், அம்பாறை ஹார்டி உயர் தொழினுட்ப நிறுவனத்தில் கெலும் துஷார விஜேதுங்க என்ற மாணவர் மரணமானார். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். இரண்டு வீட்டிலும் ஒரே ஒப்பாரி. 1998இல் பாராளுமன்றம் 20ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் சட்டம். பகிடிவதைக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை. பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ ஏற்படுத்தினால் 10 வருடம் வரை. பல்கலைக்கழகத்தோடு தொழினுட்பக் கல்லூரியும் கல்வியியற் கல்லூரியும் இதற்குள் வருகின்றன.

ரூபா ரத்னசீலிக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையில் 23 வருஷம். அந்தச் சட்டம் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார்.

சட்டம் வந்தது, பிரச்சினை தீர்ந்ததா? 2020 பெப்ரவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தில் புதுமுக மாணவிகளுக்குத் தொலைபேசி வழியாகப் பாலியல் தொல்லை கொடுத்த விவகாரம் செய்திகளில் வந்ததை நீங்கள் வாசித்திருப்பீர்கள். விடுதிக் கதவைப் பூட்டிக்கொண்டாலும் போனுக்குள்ளால் வருகிறார்கள். இலக்கத்தைக் கொடு என்பதுதான் இப்போது பகிடிவதையின் முதற்படி.

இனி, முறைப்பாடு செய்தபின் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். பிள்ளைகள் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான்.

பங்களாதேஷின் பெனி மாவட்டத்தில் சோனாகாசி என்று ஓர் ஊர். அங்குள்ள இஸ்லாமிய மத்ரஸாவில் நுஸ்ரத் ஜஹான் ரஃபி படித்தாள். வயது 19. 2019 மார்ச் 27இல் அதிபர் தன்னை அறைக்கு அழைத்து முறைகேடாக நடந்தார் என்று குடும்பத்தோடு பொலிஸ் நிலையம் போய் முறைப்பாடு செய்தாள். பொறுப்பதிகாரி அவளது வாக்குமூலத்தைத் தன் கைத்தொலைபேசியில் பதிவு செய்தார். அவள் கையால் முகத்தை மறைக்கிறாள், அவர் கையை எடுக்கச் சொல்கிறார். இது பெரிய விஷயமல்ல என்கிறார். பிறகு அந்த வீடியோ வெளியில் போய்விட்டது. ஊர் முழுக்கப் பார்த்தது.

அதிபர் கைது செய்யப்பட்டார். உடனே அவரை விடுவிக்கச் சொல்லி ஊரில் ஊர்வலம் போனார்கள். மாணவர்களும் போனார்கள். முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லிக் குடும்பத்துக்கு நெருக்குதல் கொடுத்தார்கள். ஏப்ரல் 6ஆம் திகதி அவள் பரீட்சை எழுதப் போனாள். தோழியை யாரோ அடிக்கிறார்கள் என்று சொல்லி மேல்மாடிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே புர்கா அணிந்தவர்கள் சூழ்ந்துகொண்டு, வாபஸ் வாங்கு என்றார்கள். அவள் மறுத்தாள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அம்புலன்ஸில் போகும்போது தன் சகோதரனின் போனில் நடந்ததையெல்லாம் சொல்லிப் பதிவு செய்தாள். ஏப்ரல் 10இல் மௌத்தானாள்.

அதே ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி விசாரணை நீதிமன்றம் 16 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அதிபர் மட்டுமல்ல. நிர்வாகத்தோடு தொடர்புடைய உள்ளூர் அரசியல்வாதி இருந்தார். அவளோடு படித்த இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். வீடியோ எடுத்த பொலிஸ் அதிகாரிக்குத் தனி வழக்கில் 8 வருடச் சிறை கிடைத்தது.

இந்தக் கதையைச் சொன்னால் நம்மில் சிலருக்குக் கோபம் வரும். "ஏன் மத்ரஸாவின் பெயரைக் கெடுக்கிறீர்கள்?" என்பார்கள். மத்ரஸாவின் பெயரைக் கெடுத்தது நுஸ்ரத்தா, அதிபரா? அந்த ஊரில் ஊர்வலம் போனவர்களும் நிறுவனத்தின் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துப் போனார்கள். பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், மத்ரஸா, டியூட்டரி, நடனக் கல்லூரி எதுவானாலும் இதே நியாயம்தான் எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது.

நடனக் கல்லூரி என்று சொன்னது சென்னைக் கலாக்ஷேத்ராவை நினைத்துத்தான். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் தொடங்கிய, உலகப் புகழ்பெற்ற நிறுவனம். 2023இல் அங்கு ஆசிரியர்கள் சிலர்மீது மாணவிகள் பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுச் சொன்னபோது, முதலில் அது வதந்தி என்ற தோரணையில்தான் பதில் வந்தது. மார்ச் 30இல் மாணவ மாணவிகள் வளாகத்திலேயே தரையில் அமர்ந்து போராட்டம் தொடங்கினார்கள். மறுநாள் தமிழ்நாடு மகளிர் ஆணையத்தின் தலைவி நேரில் போனார். தொண்ணூறு பேரளவில் எழுத்தில் முறையிட்டதாகச் செய்தி வந்தது. ஏப்ரல் 3இல் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். தனித்தனியாக ஒருத்தி சொன்னபோது வதந்தி. தொண்ணூறு பேர் உட்கார்ந்தபோதுதான் முறைப்பாடு.

அடுத்த ஆண்டு டிசம்பர் 23. சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். குற்றவாளி அவளை மிரட்டியிருந்தான். அவள் அசரவில்லை, பொலிஸில் முறையிட்டாள். ஆனால் அவளது அடையாளம் இருந்த முதல் தகவல் அறிக்கை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, இடைக்கால நட்டஈடாக 25 இலட்சம் இந்திய ரூபாய் கொடுக்கச் சொன்னது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட விசேட விசாரணைக் குழுவையும் நியமித்தது. 2025 ஜூன் 2இல் தண்டனை வந்தது: ஆயுள் சிறை, குறைந்தது 30 வருடம் சலுகையின்றி. ஆறு மாதத்துக்குள் வழக்கு முடிந்தது. அவள் அன்று அறைக்குள் அழுதுகொண்டு கிடந்திருந்தால் அவன் இன்றும் வெளியில்தான் இருந்திருப்பான்.

சோனாகாசியிலும் சென்னையிலும் முறைப்பாட்டை வாங்கும் இடத்திலிருந்தே பெயர் கசிந்திருக்கிறது. நமது சட்டத்தில் இதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 365இ என்று தமிழில் குறிக்கப்படக்கூடிய பிரிவு, 1995இல் சேர்க்கப்பட்டது. பாலியல் குற்றமொன்றில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையுமோ பிரசுரிப்பது குற்றம். முகநூலில் போடுவதும் பிரசுரம்தான். "இன்ன ஊர், இன்ன தெரு, இன்னாரின் மகள்" என்று அனுதாபத்தோடு பகிர்கிறவர்களும் அந்தக் குற்றத்தைத்தான் செய்கிறார்கள். நீதி வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் தலைப்புப் போட்டாலும் அதுதான். தயவு செய்து நமது குழுக்களில் இதை நிறுத்துவோம்.

இந்தியாவைப் பற்றி இன்னொரு வரி. கல்லூரிகளில் முறைப்பாட்டுக் குழு என்ற ஏற்பாடு அங்கே வந்ததற்குக் காரணம் ஒரு கல்லூரி மாணவி அல்ல. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற கிராமத்துப் பெண். 1992இல் அதற்காக அவர் பழிவாங்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர் குற்றம் சாட்டியவர்களைப் பாலியல் வன்முறைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர் வழக்கையொட்டிப் பெண்கள் அமைப்புகள் போட்ட விசாகா வழக்கில் 1997 ஆகஸ்ட் 13இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பெண் தலைமையில், பாதிக்குக் குறையாத பெண்களோடு, வெளியாள் ஒருவரையும் சேர்த்து ஒரு குழு இருக்கவேண்டும் என்றது. 2013இல் அது சட்டமானது. அவருக்குக் கிடைக்காத நீதியின் பலன் கோடிக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளியாள் ஒருவர் இருக்கவேண்டும் என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இப்படியான விஷயங்களை "உள்ளுக்குள் பேசி முடிக்கும்போது" உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் மச்சான், மாமா, கூடப் படித்தவன். அங்கே அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

பேசி முடிப்பது என்றால் பெரும்பாலும் இடமாற்றம். ஒரு பாடசாலையில் பிழை செய்தவரைக் கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு மாற்றிவிட்டுத் தண்டித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கஷ்டப் பிரதேசத்துப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? இதை ஆசிரியர்களாகிய நாங்களே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

மார்க்கத்தின் பெயரால் ஒரு கேள்வி வருகிறது. "நான்கு சாட்சி எங்கே?" என்று. நாங்கள் ஆலிம்கள் அல்ல, உலமாக்கள் இதை இன்னும் நன்றாக விளக்குவார்கள். ஆனால் ஓதிப் பார்க்கிற எவருக்கும் தெரியும்: அந்த நான்கு சாட்சி என்பது, பத்தினிப் பெண்கள்மீது அவதூறு சொல்கிறவனிடம் கேட்கப்பட்டது. கொண்டுவர முடியாவிட்டால் அவனுக்கு எண்பது கசையடி. ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள்மீது அவதூறு சொல்லப்பட்ட சம்பவத்தோடு வந்த அத்தியாயம் அது. பெண்ணைக் காப்பாற்ற வந்த சட்டத்தைத் திருப்பி, தனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்கிற பெண்ணின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது எந்த ஊர் நியாயம்?

குர்ஆனில் அல்முஜாதலா என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது, 58ஆவது. வாதாடிய பெண் என்று பொருள். கவ்லா பின்த் தஃலபா (ரழி) என்ற பெண் தன் கணவன் செய்த அநியாயத்தை நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அந்த முறைப்பாடு கேட்கப்பட்டது என்ற செய்தியோடுதான் அத்தியாயமே தொடங்குகிறது. முறையிட்ட பெண்ணைக் கொண்டு ஓர் அத்தியாயத்துக்குப் பெயர் வந்திருக்கும்போது, நமது தெருவில் முறையிட்ட பிள்ளைக்கு வேறு பெயர் வைக்கிறோம்.

பொய் முறைப்பாடு வராதா என்று கேட்பீர்கள். வரலாம். யூசுஃப் நபியவர்கள்மீது வந்தது பொய்க் குற்றச்சாட்டுத்தான். அதற்கு என்ன செய்தார்கள்? குற்றச்சாட்டைக் கேட்கவே மாட்டோம் என்றார்களா? சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பார்த்தார்கள். பின்பக்கம் கிழிந்திருந்ததால் அவர் நிரபராதி என்று தெரிந்தது. ஆகவே பொய்க்குப் பயப்படுகிறவர்கள்தான் முறையான விசாரணையை முதலில் கேட்கவேண்டும். மூடி மறைத்தால் குற்றமற்ற ஆசிரியரின் பெயரும் சந்தேகத்தோடேயே கிடக்கும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1977இல் ஐந்து மாணவிகள் வழக்குப் போட்டார்கள். அவர்கள் பெரிதாகக் கேட்டது பணமல்ல. முறைப்பாடு செய்வதற்கு ஓர் ஒழுங்குமுறை வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான். 1980இல் மேன்முறையீட்டிலும் தோற்றார்கள். ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பல்கலைக்கழகம் அந்த ஒழுங்குமுறையை ஏற்படுத்திவிட்டது. மற்றப் பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன.

இனி நமது பிள்ளைக்கு. கெம்பஸில் ஒன்று நடந்தால் அன்றைக்கே திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் யார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மெசேஜ் வந்திருந்தால் அருவருப்பில் அழித்துவிட வேண்டாம், ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வேறு ஒருவருக்கும் அனுப்பி வைக்கட்டும். பீடாதிபதிக்கோ உபவேந்தருக்கோ எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கான கையொப்பத்தைப் பிரதியில் வாங்கட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையத்தில் நேரடியாகவும் முறையிடலாம். பொலிஸில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம் உண்டு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பதினெட்டு வயதுக்குக் கீழென்றால் 1929. புள்ளிக்கும் கையொப்பத்துக்கும் விலையாகப் பாலியல் சலுகை கேட்கிற அரச உத்தியோகத்தர் என்றால், 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி அது இலஞ்சக் குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. முறைப்பாடு செய்தவரை மிரட்டுவது பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். முதலில் 2015இலும், பிறகு புதிதாக 2023இலும் இந்தச் சட்டம் வந்தது.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். 1988இன் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே பிள்ளை கையெழுத்துப் போடக்கூடாது. பிறகு நீதிமன்றத்தில் அதில் ஒரு சொல் மாறியிருந்தாலும் வழக்கு தடுமாறும்.

இவ்வளவும் தெரிந்தும் பிள்ளைகள் சொல்லாமல் இருக்கிறார்கள். எங்களிடம் படித்துப் போன பிள்ளைகளோடு பேசியதில் நாங்கள் விளங்கிக்கொண்ட காரணம் ஒன்று. அவர்கள் அந்த சேருக்கோ, அந்த மூத்த மாணவனுக்கோ பயப்படுவதைவிட வீட்டுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். "சொன்னால் வாப்பா படிப்பை நிறுத்திவிடுவார்." கையை நீட்டினவன் அங்கேயே இருந்து படிப்பான், படிப்பிப்பான். இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கலியாணத்துக்குக் காத்திருக்கவேண்டும். தண்டனை யாருக்கு என்று அவள் கணக்குப் பார்த்துத்தான் பேசாமல் இருக்கிறாள்.

நமக்கு முறையிடத் தெரியாது என்றில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் பலியானபோது ஊரே வீதிக்கு இறங்கியது. யார் அனுமதி கொடுத்தது, யார் பொறுப்பு என்று சத்தம் போட்டுக் கேட்டோம். அந்த உம்மாமாரைப் பார்த்து, ஊர் மானத்தைக் கெடுக்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே வாப்பாமாரே, நாளைக்கு பஸ் ஏற்றும்போது ஒரு வசனம் சொல்லி அனுப்புங்கள்: "என்ன நடந்தாலும் எங்களிடம் சொல்லு, படிப்பை நிறுத்தமாட்டோம்." நானாமாரும் இதைச் சொல்லலாம். உம்மாமார் சொன்னால் இன்னும் நல்லது, ஆனால் வாப்பாவின் வாயால் வந்தால்தான் பிள்ளை நம்பும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நமது மாவட்டத்திலிருந்து பேராதனைக்கும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்ப் படித்த ராத்தாமார், அக்காமார், டீச்சர்மார் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் விடுதியில் எப்படி இருந்தது, யாரிடம் சொன்னீர்கள், சொல்ல முடிந்ததா என்பதை அறிய விரும்புகிறோம். பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். எங்கள் பெண் ஆசிரியைகளிடம் நேரில் சொல்லுங்கள், அல்லது எழுதிக் கொடுங்கள். பெயர் வேண்டாம். ஆண்டும் வளாகமும் இருந்தால் போதும்.